இரண்டாவது மூடி

சம்பூர்ணம் அக்கா என் கடைக்குள் நுழைந்து, கருகிய வெங்காயத்தாள் கட்டு ஒன்றை மேசைமேல் போட்டு, "எழுது சுகன்யா. வேல்முருகன் கை அழுவிப் போவணும்னு எழுது" என்றாள்.

வேப்பந்தட்டையில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடித்துத் தருவதும் நான்தான். பதினாறு வருஷமாக ஊரார் வயிற்றெரிச்சலை மரியாதைத் தமிழாக மாற்றிக் கொடுப்பதே என் பிழைப்பு. 'அவன் நாசமாப் போவ' என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் அடித்தேன். படித்துக் காட்டியதும் அவளுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

"பணிவா? எவங்கிட்டப் பணிவு? அதை அழி."

அழித்தேன். அந்தக் கோபத்தின் முன்னால் எனக்கு வாதாட வாயில்லை. ஏன் வாயில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவள் யாரென்று சொல்ல வேண்டும்.

சம்பூர்ணம் பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கம். அடுத்தவர் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிய குடும்பம். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு வெந்த விரல்களோடுதான் எங்கள் ஊருக்கு வாழ வந்தாள். புருஷன் பாவாடை, பருத்திக்காட்டில் மருந்தடிக்கிற கூலி. ஒரு ஐப்பசியில் எதிர்காற்றில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் காட்டிலேயே சுருண்டு விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். முதுகில் மாட்டுகிற மருந்து டேங்க்கைத் தூக்கவே முடியாது.

மறுமாதம் அந்த டேங்க்கை இவள் முதுகில் மாட்டிக்கொண்டாள். பதினாறு லிட்டர் தண்ணியோடு வரப்பில் நடந்த முதல் பொம்பளை எங்கள் ஊரில் இவள்தான். டீக்கடையில் ஒருத்தர், "பொம்பள டேங்க் தூக்குனா மழை பெய்யாது" என்றார். "நீ தூக்குன வருஷம் மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சாக்கும்" என்று கேட்டுவிட்டு இவள் போய்க்கொண்டே இருந்தாள். அந்த ஆள் அதற்குப் பிறகு இவளைக் கண்டால் டீ கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

புருஷன் விழுந்ததை அவள் மறக்கவில்லை. அதனால் அவளிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. முகத்தில் ஈரத்துணி கட்டாமல், காற்று எந்தப் பக்கம் என்று மண்ணைத் தூவிப் பார்க்காமல் டேங்க்கைத் திறக்க மாட்டாள். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பாள்: எதுக்கு இந்த மருந்து, டேங்குக்கு எவ்வளவு, அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கலாம். புது பாட்டிலாக இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவாள். அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். பாட்டிலில் இருப்பதோ இங்கிலீஷ். "படி" என்பாள். படித்துச் சொல்வேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. அவரைக்காய் பறிக்கும்போது ஒரு கை கொண்டுவந்து வைப்பாள்.

எந்தக் காட்டில் அடித்தாலும் ஒரு பாத்தியை அடிக்காமல் விடுவாள். "அது கன்னிமாருக்கு" என்பாள். சாமி பேரைச் சொன்னால் காட்டுக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். என்னிடம் ஒருநாள் உண்மையைச் சொன்னாள். "கன்னிமாரு எங்கிட்டக் கேட்டுச்சா? மருந்து வேலை செஞ்சுச்சா இல்லையான்னு பாக்க, அடிக்காத பாத்தி ஒண்ணு வேணுமில்ல. அதைச் சொன்னா எவன் வுடுவான்?"

இன்னொரு வழக்கம், தன் காட்டுக்குக் கடைசியில்தான் அடிப்பாள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வாங்கிய எண்பது சென்ட். இரண்டு பக்க வம்சத்திலும் பத்திரத்தில் பேர் ஏறிய முதல் ஆட்கள் அவர்கள். இருந்தாலும் கூலிக்கு ஒத்துக்கொண்ட காடுகளை முடித்துவிட்டுத்தான் அவள் சொந்தக் காட்டில் கால் வைப்பாள். 'சம்பூர்ணம் கைபட்டா வெங்காயம் பொங்கும்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேர்தான் அவள் சொத்து. எண்பது சென்ட்டை அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டும்.

போன கார்த்திகையில் மருந்துக்கடை வேல்முருகன் ஒரு பாட்டிலை இறக்கினான். நீலத் திரவம். பேர் நானோ. வெங்காயத்துக்கு வருகிற திருகல் நோயும் வராது, சத்தும் ஏறும் என்றான். வெங்காயம் போட்டிருந்த பன்னிரண்டு பேர் வாங்கினார்கள். அதில் ஒருத்தி சம்பூர்ணம். மற்ற பதினோரு பேர் காட்டுக்கும் அடிக்கப்போகிறவளும் அவள்தான்.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். நெடியே இல்லை. நெடி இல்லாத மருந்தை எங்கள் பக்கத்தில் எவனும் நம்ப மாட்டான். மூக்கில் ஏறினால்தான் மருந்து. இல்லாவிட்டால் தண்ணீர் கலந்துவிட்டான் என்று அர்த்தம். வேல்முருகனுக்கு அது தெரியாதா என்ன?

"நெடி இல்லன்னு பாக்காதீங்க. டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க, அப்புறம் பாருங்க" என்றான்.

சம்பூர்ணம் மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். "எத்தினி நாள் கழிச்சுப் பறிக்கலாம் தம்பி?"

"யக்கா, இது பால் மாதிரி. இன்னைக்கு அடிச்சு நாளைக்கே பறிச்சுத் திங்கலாம்" என்று சிரித்தான். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஐந்து நாளில் பதினோரு காட்டையும் அடித்து முடித்தாள். முதல் காட்டில் நாலாம் நாள் தாள் நுனி பழுத்தது. ஆறாம் நாள் வெந்நீர் ஊற்றின புல் மாதிரி மொத்தமும் மடங்கிப் படுத்துவிட்டது. பிறகு வரிசையாக ஒவ்வொரு காடாகப் படுத்தது. தன் காட்டுக்கு அடிக்க இருந்தவள் பாட்டிலைத் திறக்காமலே மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டாள்.

பதினோரு பேரும் வேல்முருகன் கடை வாசலில் கூடினார்கள். என் கடையிலிருந்து நாலு கடை தள்ளித்தான். நானும் போய் நின்றேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "திருகல் நோய்தான் அது. பனி அதிகம். மருந்து என்ன பண்ணும்?" என்றான்.

"நோய்னா கன்னிமாரு பாத்திக்கும் வந்திருக்கணுமே. பதினோரு காட்டுலயும் அந்தப் பாத்தி மட்டும் பச்சையா நிக்குது. போய்ப் பாருங்க" என்றாள் சம்பூர்ணம்.

பார்த்தவர்கள்தான் எல்லாரும். ஆமாம் என்றார்கள். வேல்முருகன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு சொன்னான்: "அப்ப நோய் இல்ல. ஒத்துக்கறேன். அடிச்ச எடம் கருகியிருக்கு, அடிக்காத எடம் நல்லாருக்கு. பதினோரு காட்டுலயும் அடிச்சது யாரு? களைக்கொல்லி அடிச்ச டேங்க்கக் கழுவாம இதை ஊத்தியிருக்கு இந்தம்மா. அது காடு மட்டும் எப்படிப் பச்சையா நிக்குதுன்னு கேளுங்க."

பதினோரு தலையும் அவள் பக்கம் திரும்பின. பூங்காவனம் என்கிற பெண், சம்பூர்ணத்தோடு ஒன்றாகச் சோறு தின்றவள், "ஊரான் காட்டையெல்லாம் கருக்கிட்டு உன் காட்டை மட்டும் காப்பாத்திக்கிட்டியாடி" என்று கேட்டாள். அத்தனை வருஷ வழக்கம் ஒரே நிமிஷத்தில் அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. "ஓங் கைதான்" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் எல்லாரும் சொன்னார்கள்.

அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் கீழே குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவளை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படியும் பதினோரு வீட்டு வாசலிலும் போய் நின்று, "கருகுன தாளை ஆட்டுக்குப் போடாதீங்க, அதுல என்ன இருக்குன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஏன்க்கா இந்த அவமானம் என்று கேட்டேன். "அவனுங்க எக்கேடு கெட்டா எனக்கென்ன. ஆடு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாட்களில் என் கடையில் உட்கார்ந்து அவள் போட்ட திட்டங்களைக் கேட்டால் உங்களுக்குக் குலை நடுங்கும். அவன் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள், அது பத்தவில்லை. வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனால் புருஷனுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது என்று அதை விட்டாள். கடைசியில் ஒருநாள் உச்சி வெயிலில் டேங்க்கையும் அந்தத் திறக்காத பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ரஞ்சன்குடிக்குப் போனாள். கோட்டைக்குக் கீழே வேல்முருகனுக்கு இரண்டு ஏக்கர் வெங்காயம் இருந்தது. கண்ணைப் பறிக்கிற பச்சை. ஆள் யாரும் இல்லை, தண்ணீர் பாய்ச்சுகிற கிழவர் ஒருத்தர் தவிர.

"இதுக்கு நீல மருந்து அடிச்சாங்களாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்லம்மா. மொதலாளி தன் காட்டுக்கு அது வேணாம்னுட்டாரு" என்றிருக்கிறார் கிழவர்.

பாட்டில் மூடியில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாளாம். ஒரு மணி நேரம் நின்றதாகச் சொன்னாள். திரும்பி வந்தவள் என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அடிச்சா கருகும். கருகுனா, பாத்தியா இவ கைதான்னு ஆயிடும். நான் அடிக்க மாட்டேன் சுகன்யா. அவன் கையால அடிக்க வெக்கிறேன், பாரு."

மறுநாள்தான் கருகிய தாளை மேசைமேல் போட்டு மனு எழுதச் சொன்னது. பணிவில்லாத அந்த மனுவைப் பெரம்பலூரில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாள். எட்டாம் நாள் தமிழ்மொழி என்கிற வேளாண் அலுவலர் வந்தார். சின்னப் பெண், முப்பது இருக்கும். பதினோரு காட்டையும் நடந்து பார்த்தார். கன்னிமார் பாத்தி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார். "இதை யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா? நாங்க ஆராய்ச்சில பண்றதே இதான்" என்றார். பிறகு எல்லாரையும் சம்பூர்ணத்தின் எண்பது சென்ட்டுக்கு வரச் சொன்னார். வேல்முருகனும் வந்தான். தைரியமாகத்தான் வந்தான். கடையில் இருந்த மீதிப் பாட்டில்களை எல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டானே.

சம்பூர்ணம் பாட்டிலை வரப்பில் வைத்தாள். மூடியில் சீல் உடையவில்லை. அவன் கொடுத்த பில் ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியிருந்தது. அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு மாற்றம் தெரிந்தது.

"என் டேங்க் வேணாம். உன் கடையிலேருந்து புதுசு எடுத்தாரச் சொல்லு. தண்ணி நீ மொண்டுக்க. மருந்தும் நீயே ஊத்து. எந்தக் காட்டுல அடிக்கலாம்? உன் ரஞ்சன்குடிக் காட்டுக்குப் போவலாமா?"

"அது எதுக்கு அங்க" என்றான்.

"தெரியும். உன் காட்டுக்கு ஒரு சொட்டு அடிக்கல நீ. கிழவரு சொன்னாரு. என் காட்டுலயே அடி."

பதினோரு பேரும் அவனைப் பார்த்தார்கள். புது டேங்க் வந்தது. அலுவலர் சீலை உடைத்து, பாதியை வேறு பாட்டிலில் ஊற்றி அரக்கு வைத்து ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மீதியை வேல்முருகனிடம் கொடுத்தார். அவன் மூடியில் ஊற்றினான். டேங்க்கில் விட்டான். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னொரு மூடி?" என்றாள் சம்பூர்ணம்.

அவன் பாட்டிலை மூடப் போனான்.

"எங்களுக்கு ரெண்டுன்னு சொன்னியேப்பா" என்றாள் பூங்காவனம். குரல் இறங்கியிருந்தது.

அலுவலர் பாட்டிலைத் திருப்பி, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். ஒரு டேங்குக்கு ஒரு மூடிக்கு மேல் கூடாது. பெரிய பரப்பில் அடிக்கும் முன் சிறிய இடத்தில் அடித்துப் பார்க்கவும். அடித்து இருபத்தொரு நாள் அறுவடை கூடாது. பயிர்ப் பட்டியலில் நெல் இருந்தது, தக்காளி இருந்தது. வெங்காயம் இல்லை.

நான் அந்தப் பாட்டிலைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுல இருக்கறது செம்பு" என்றார் அலுவலர். "ஒரு தலைமுடியை ஆயிரமாப் பொளந்தா எவ்ளோ சிறுசோ அவ்ளோ சிறுசு. இலை மேல நிக்காது, உள்ள போயிடும். அதனாலதான் கொஞ்சம் போதும். கூடுனா தாள் உள்ளேருந்தே வெந்துடும். நானோன்னா கெட்டதுன்னு நினைக்காதீங்க. எந்தப் பயிருக்கு எவ்ளோ, திங்கறவங்களுக்கு ஆபத்தில்லாம எத்தனை நாள் வுடணும்னு சோதிச்சு வர்ற நானோ மருந்தும் இருக்கு. வெங்காயத்துக்கு இதை யாரும் சோதிக்கல. உங்க காட்டுலதான் சோதிச்சிருக்காங்க."

"ரெண்டாவது மூடியை ஊத்து" என்றாள் சம்பூர்ணம். மரியாதை, தம்பி எல்லாம் போய்விட்டது. "எங்களுக்கு எப்படிச் சொன்னியோ அப்படியே ஊத்து."

ஊற்றினான். அவள் காட்டிய நாலு பாத்திக்கும் அடித்தான். அடித்து முடித்ததும் அவள் ஈரம் சொட்டுகிற தாளை ஒரு கொத்துப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பால் மாதிரின்னியே. தின்னு."

"அம்மா, அதையெல்லாம் திங்கக் கூடாது" என்று அலுவலர் பதறினார்.

"நான் திங்கல மேடம். நாளைக்கே பறிச்சுத் திங்கலாம்னு சொன்னவனைத் திங்கச் சொல்றேன். நாளைக்கு வேணாம், இன்னைக்கே திங்கட்டும்."

அவன் பின்னால் ஒரு அடி வைத்தான். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவன் வரப்பைத் தாண்டிக் காலைச் சேற்றில் விட்டான். எவரும் அவனைத் தூக்கிவிடப் போகவில்லை. என் ஆயுசில் அவ்வளவு திருப்தியாக எதையும் பார்த்ததில்லை. சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஆறாம் நாள் அந்த நாலு பாத்தியும் படுத்தன. சுற்றிலும் மற்றதெல்லாம் பச்சை. ஆய்வு முடிவும் வந்தது: மருந்து போலி இல்லை, பாட்டிலில் போட்டிருந்ததுதான் உள்ளே இருந்தது. கேட்டவர்களுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. போலியாக இருந்தால் கம்பெனிக்காரன் ஏமாற்றினான் என்று ஆறியிருக்கலாம். இது விற்றவன் வாயால் வந்த கருகல். வேல்முருகனின் லைசென்சை நிறுத்திவைத்தார்கள்.

லைசென்ஸ் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "எந்த எடத்துல என் கைன்னு சொன்னானோ, அந்த எடத்துல நின்னு இல்லன்னு சொல்லணும்" என்றாள். பூட்டின கடை வாசலில், சந்தை நாளில், நின்று சொன்னான். பதினோரு பேரும் மறுபடி மருந்தடிக்கக் கூப்பிட வந்தார்கள். அவர்களையும் விடவில்லை. "வர்றேன். அங்க போய்ச் சொல்லிட்டு வா" என்றாள். ஒவ்வொருவராகப் போய் அந்தப் பூட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார்கள். பூங்காவனம் அழுதுகொண்டே சொன்னாள். அவளையாவது பாதியில் போதும் என்று நிறுத்துவாள் என்று நினைத்தேன். கடைசி வார்த்தை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

பிறகு என் கடைக்கு வந்தாள்.

"அவனும் அந்தப் பதினோரு பேருமா பன்னெண்டு பேரும் சொல்லியாச்சு. நீ?"

எனக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் அவள் சொல்லவில்லை என்பதால் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். முதல் காட்டுக்கு அடிக்கிற அன்றைக்குக் காலையில் அந்தப் பாட்டிலை வழக்கம்போல என்னிடம் கொண்டுவந்தாள். "படி" என்றாள். ஜாதிச் சான்றிதழ் ஜெராக்சுக்கு இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எழுத்து பொடியாக இருந்தது. நான் பாட்டிலை ஒரு திருப்புத் திருப்பி, ஒரு வரிகூடப் படிக்காமல், "எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைக்காரரு சொன்னபடி ஊத்துக்கா" என்று கொடுத்துவிட்டேன். பிறகு அந்தக் கடை வாசலில் எல்லாரும் 'ஓங் கைதான்' என்றபோது, அவள் பாட்டிலைக் காட்டிக் கேட்டுத்தான் ஊற்றினாள் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் என் ஒருத்தியால்தான் முடியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"மன்னிச்சுடுக்கா" என்றேன்.

"அது எனக்கெதுக்கு? எழுது."

"யாருக்கு மனு?"

"மனு இல்ல. என்னைப் பத்தி எழுது. நான் யாரு, எப்படி மருந்தடிக்கிறவன்னு எழுது. எழுதி, அந்தக் கடை வாசல்ல நின்னு சத்தமாப் படி. என் பாட்டிலைப் படிக்காம வுட்டவதானே, இதையாவது படி."

அதுதான் இது. மூன்று நாளாக எழுதினேன். நேற்று பாதி வரைக்கும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடை ஆளைப் பற்றி எழுதியதற்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீ படிக்காம வுட்டதை எங்க வெச்சிருக்க?"

"கடைசியிலக்கா."

"சரி, கடைசியிலயே இருக்கட்டும். அப்பதான் எல்லாரும் நின்னு கேப்பாங்க" என்றாள்.

நாளைக்குச் சந்தை. காலை பத்து மணிக்கு அந்தக் கடை வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.